நூற்றுக்கு நாற்பது

நான் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் பாதியில் "ஐயையோ, அப்புறம்?" என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எதிரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறேன் என்பதுகூட அவர்களுக்கு மறந்துபோகிறது. பல் இருக்கிறது, முறுக்கு இருக்கிறது, காலையில் வெயில் வந்து காலில் விழுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாட்கள் மட்டும் இன்னும் என் கூடவேதான் இருக்கின்றன. சொன்னால் கொஞ்சம் இறங்கும் என்று சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகன் வயிற்றுப் பேத்தி கௌசி எழுதுகிறாள். என் பேச்சுக்குத் தலை சீவி, பொட்டு வைத்து அச்சுத் தமிழாக்கி எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே விடு கண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.

அரவேணுவுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையாக மலையேறி வந்து, பிறகு வாங்கியது. அவர் போய் ரொம்ப காலமாகிவிட்டது. மகன் சண்முகமும் மருமகள் சரசுவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இலைக்கு நல்ல விலை இருந்தபோது குச்சியோடு அறுத்துப் போட்டாலும் பேக்டரிக்காரன் வாயெல்லாம் பல்லாக வாங்கினான். விலை விழுந்ததும் அவனுக்குத் திடீரென்று கண் தெரிய ஆரம்பித்துவிட்டது. மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி இலையை அள்ளி, சாக்கின் மேல் பரப்பி, கொழுந்தை ஒருபக்கமும் முற்றின இலையை ஒருபக்கமும் பிரிப்பார்கள். நூற்றுக்குக் குறைந்தது ஐம்பது கொழுந்து இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அன்றைக்கும் எங்கள் மூட்டையைத் திருப்பிவிட்டார்கள். சண்முகம் இலைக் கொட்டகையில் நின்று ஏஜெண்டிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, போன வாரம் இதே எலயத்தான எடுத்தீங்க?"

"போன வாரம் பேக்டரில திட்டு வாங்குனது நானுங்க. அம்பதுக்குக் கீழன்னா கொட்டக்கூட எடமில்லைன்னுட்டாங்க. எடுத்துட்டுப் போங்க சம்முகம், கோவிச்சுக்காதீங்க."

நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். கோபத்தில் உட்கார்ந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கால் நிற்கவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. வலி தாடைக்கு ஏறியது. இடது கை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. சட்டை பிழிகிற அளவுக்கு வேர்வை, அந்தப் பனியில். வாயுப்பிடிப்பு, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. எங்கள் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று நின்ற அந்த இலை ஜீப்பில்தான் என்னைப் போட்டுக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். இலை போகவில்லை, நான் போனேன். பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மாரடைப்பு என்றால் மாரில் ஏதோ அடைத்துக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். கௌசியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர் போல இருப்பார். அவர் விளக்கினார். இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, ஆனால் அதற்குச் சோறு போடத் தனியாக ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ரத்தம் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டியைக் கரைக்கத்தான் முதல் நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். அது கரைவதற்குள், அந்தக் குழாயை நம்பியிருந்த சதை பட்டினி கிடந்து கொஞ்சம் செத்துப்போயிருக்கிறது.

"செத்தது திரும்பப் பொழைக்குமா கண்ணு?" என்று கேட்டேன்.

"அது பொழைக்காது பாட்டி. மீதி இருக்கறது எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்கணும். அத வெச்சுத்தான் இனிமே எப்படின்னு சொல்ல முடியும்."

அவர் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னால் செத்துவிட்டது. அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் இனி நான் சாப்பிட வேண்டும், சிரிக்க வேண்டும், தூங்க வேண்டும். என் வீட்டில் ஒரு பிணம் இருக்கிறது, எடுக்கவும் முடியாது. இன்றைக்கும் சில சமயம் கையை நெஞ்சில் வைத்து, எந்த இடத்தில் இருக்கிறாய் என்று அதைக் கேட்பேன்.

ஆபத்து தாண்டியதும் இரண்டு கட்டில் அறைக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஸ்டெல்லா டீச்சர். அருவங்காட்டில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு தங்கை மட்டும் தினமும் வருவார். அவருக்கும் என்னைப் போலவே, ஆனால் சின்ன அடைப்பு. கழுத்தில் சிலுவை, கையில் எப்போதும் கம்பளி நூலும் இரண்டு இரும்பு ஊசிகளும். நர்ஸ் திட்டுவார், டீச்சர் ஊசிகளைப் போர்வைக்குள் ஒளிப்பார், நர்ஸ் போனதும் மறுபடி டிக் டிக் என்று பின்ன ஆரம்பித்துவிடுவார்.

"பழனியம்மா, கழுத்தைக் காட்டுங்க" என்றார் ஒருநாள். "மலைக்காரங்களுக்குக் குளிர் கழுத்து வழியாத்தான் ஏறும். உங்களுக்கு ஒரு மப்ளர் போட்டுத் தரேன்."

"நான் மலைக்காரி இல்லீங்க, கீழூர்க்காரியுங்க டீச்சரம்மா."

"இத்தனை வருஷம் இங்க இருமினவங்க எல்லாம் மலைக்காரங்கதான்" என்று நூலால் என் கழுத்தை அளந்தார். எனக்கு ஒரே சிரிப்பு. அந்த வயதில் என் கழுத்தை அளந்தவர் வேறு யாரும் இல்லை.

எக்கோ என்று ஒரு சோதனை. அதற்கான பெரிய டாக்டர் கோயமுத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை மலையேறி வருவார். நெஞ்சில் குளுகுளு என்று ஒரு களிம்பைத் தடவி, கையில் ஒரு கருவியை வைத்து அழுத்தி அழுத்தி நகர்த்துவார். பெட்டியில் கறுப்பு வெள்ளையாக நம் இதயம் தெரியும். என்னுடையதை நானே பார்த்தேன். மூடித் திறக்கிற மீன் வாய் மாதிரி இருந்தது. பாவமாக இருந்தது, இத்தனை வருஷம் ஒருநாள்கூட லீவு இல்லாமல் உழைத்திருக்கிறதே என்று. இதயம் ஒருமுறை நிரம்பினால், அதில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்று நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை 'பம்பிங்' என்கிறார்கள்.

டீச்சருக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு நாற்பது.

"நாப்பதா?" டீச்சர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ். நீங்க பாஸ் பழனியம்மா. என்னை மாதிரி நல்ல மார்க் இல்ல, ஆனா பாஸ்."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நான் பாஸ் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம்கூடச் சொன்னேன். ஆனால் அறைக்கு வெளியே நின்று அதே நாற்பதைக் கேட்ட சண்முகம் உள்ளே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாம்பல்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பிஸ்கட். பல வருஷம் பேசாத நாத்தனார் வந்து என் காலைப் பிடித்துவிட்டார். சரசு "அத்தை, அத்தை" என்று மூச்சுக்கு மூச்சு கூப்பிட்டாள். எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. என்ன ஒரு திருவிழா! மேட்டுப்பாளையத்திலிருந்து ஹார்டுவேர் கடைக்காரர் குடும்பமும் பூ, பழத்தட்டோடு வந்தது. அவர்கள் மகனுக்குக் கௌசியைக் கேட்டு ரொம்ப நாளாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷ டீச்சர் டிரெயினிங்கில் அவள் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். படிப்பு முடியட்டும் என்று சண்முகம் தள்ளிப்போட்டு வந்தான். இப்போது வருகிற முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்றான். நகை இல்லை, சீர் இல்லை, இலை விலை இப்படி இருக்கிறதே என்று அவன் தயங்கியதற்கு, அவர்கள் ஒன்றும் வேண்டாம் என்றார்களாம்.

"உங்களுக்குப் பாக்கோணும்னு ஆசதானுங்களே அத்தை?" என்றாள் சரசு.

ஆசைதான். இல்லை என்பேனா? கௌசி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே பனி. அவள் பனியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு விளங்கியது ஊறுகாயில்தான். உப்பு கூடாது, உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும், தேங்கினால் இதயத்துக்குச் சுமை என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சரசு முதல் நாட்களில் உப்பில்லாத ரசம் கொண்டுவந்து என்னிடம் திட்டு வாங்கினாள். மாட்டுக்குக்கூடக் கல்லுப்பு வைப்போமே என்று நான் புலம்பினாலும் அசையமாட்டாள். எக்கோ முடிந்த பிறகு ஒருநாள் தூக்குவாளியைத் திறந்தால், எலுமிச்சங்காய் ஊறுகாய், பொரித்த அப்பளம், கருவாட்டுக் குழம்பு.

"ஆசப்பட்டதச் சாப்புடுங்க அத்தை" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாய் தின்றேன். அமிர்தம். மூன்றாவது வாயில் நாக்கு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கடைசியாகப் படுத்திருந்தபோது, இனிமேல் கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நானும் இப்படித்தான், முகத்தைப் பார்க்காமல், பத்தியத்தையெல்லாம் விட்டுவிட்டு மீன் வறுத்துக் கொடுத்தேன். அந்தத் தட்டைத்தான் இப்போது எனக்கு நீட்டுகிறார்கள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், நாத்தனார், கல்யாணம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி நின்று வேறு முகம் காட்டின. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் செய்ய முடியாது. என் சாவுக்கு முன்னால் ஓடிப் போய்ப் பந்தல் போடுகிறார்கள்.

"வயிறு நிறஞ்சிருச்சு" என்று தட்டைத் தள்ளினேன். சரசு அழுதுகொண்டே வாளியைக் கழுவப் போனாள்.

சொல்லிவிடலாம் என்று டீச்சர் பக்கம் திரும்பினேன். அவர் பின்னிக்கொண்டே, "என்ன, இன்னைக்கு ஊறுகாய் விருந்தா? வாசனையிலயே எனக்குப் பிரஷர் ஏறுது" என்று கண்ணடித்தார். சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு டீ வருகிற நேரம். டீச்சருக்கு அடுத்த நாள் டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் நாலு வரிதான் பழனியம்மா. நாளைக்குப் போறதுக்குள்ள முடிச்சுக் கழுத்துல போட்டுட்டுத்தான் போவேன்" என்றார்.

"பச்சையும் மஞ்சளும் சேந்தா நல்லா இருக்குதுங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஊசி கீழே விழுந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்து, குதித்து, உருண்டு என் கட்டில் கால் வரைக்கும் வந்தது. எடுத்துத் தரலாம் என்று பார்த்தேன். டீச்சர் தலை சாய்ந்து, யாரோ பேசுவதைக் கவனிப்பது போல இருந்தார். நான் கத்தினேன். ஆட்கள் ஓடி வந்தார்கள், திரையை இழுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ணி அழுத்துகிற சத்தம், மெஷின் சத்தம், கட்டில் அதிர்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம்.

ஐம்பத்தெட்டு போய்விட்டது. நாற்பது படுத்திருக்கிறது.

அன்று இரவு பக்கத்துக் கட்டிலில் புது பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. கண்ணை மூடினால் டிக் டிக் என்று ஊசி பின்னுகிற சத்தம் கேட்டது. திறந்தால் நின்றது. இப்போதும் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், அது உருண்டு நிற்கும்வரை என் மூச்சு நிற்கிறது.

காலையில் டாக்டரம்மா வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு, மறைக்காமச் சொல்லு. எனக்கு நாப்பதுதான. எப்பப் போவேன்?"

"யார் பாட்டி அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. நூத்துக்கு நாப்பது. அம்பதுகூட இல்ல."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பாட்டி, யாருக்கும் நூறு வராது. எனக்கும் வராது. நல்லா இருக்கற இதயமே அறுபது, அதுக்குக் கொஞ்சம் மேல கீழதான் தள்ளும். மீதி உள்ளயே இருக்கும், அதுதான் முறை. உங்களுக்கு நாப்பது. கொறைஞ்சிருக்கு, ஆனா போயிடல. அறுபதுக்கு நாப்பதுன்னு நினைச்சுக்கோங்க."

எனக்குக் கட்டில் மிதக்கிறது போல இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அப்ப டீச்சரம்மாவுக்கு அம்பத்தெட்டு இருந்துச்சே?"

"அந்த எண் பம்ப் எவ்வளவு தள்ளுதுன்னு மட்டும்தான் சொல்லும் பாட்டி. இதயத்துக்குள்ள கரண்ட் மாதிரி ஒண்ணு ஓடுது. அடிபட்ட இதயத்துல அது எப்பத் தாறுமாறா ஆகும்னு எல்லா நேரமும் முன்னாடியே சொல்ல முடியாது. வயசு, சுகர், நுரையீரல்ல தண்ணி இருக்கா, நடந்தா மூச்சு வாங்குதா, எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கறோம். அப்பவும் சில சமயம் தோத்துடறோம்."

"அப்ப எனக்கு?"

"வாய்ப்பு நல்லாவே இருக்கு. மாத்திரை விடாம, உப்பு தொடாம இருந்தா. எழுதிக் குடுக்க மட்டும் என்னால முடியாது."

"எழுதிக் குடுத்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வராந்தாவில் நடக்க வைத்தார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. வழியில் டீச்சரின் தங்கை ஒரு பையோடு நின்றார். பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக மப்ளர். கீழே விழுந்த ஊசி இல்லை. இன்னொரு ஊசி கடைசி வரியில் அப்படியே கோத்திருந்தது.

சாயங்காலம் சண்முகம், சரசு, கௌசி மூன்று பேரும் வந்தார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா சம்முகா, என்னைய முத்துன எலன்னு மூட்டையோட திருப்பிட்டயா?"

அவனுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்பதுக்குக் கீழன்னா எடுக்கறதே இல்லையேம்மா... நாப்பதுன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. யாரையும் கேக்கவும் பயமா இருந்துச்சு" என்று சின்னப் பையன் போல அழுதான். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இலை விலை விழுந்து கிடக்கிற ஊரில், பெற்ற தாயைக்கூட மூட்டையாகத்தான் பார்க்க வரும் போலிருக்கிறது.

"கல்யாணத்த நிறுத்து" என்றேன்.

சரசு பதறினாள். "அத்தை, ஒண்ணுமே கேக்காத எடமுங்க! நாளைக்கே உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அவிய இன்னொரு வருசம் காத்திருப்பாங்களா? எல போற போக்குல இப்படி ஒரு எடம் மறுபடி வருமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்துக் கட்டில் காலியாகத்தானே கிடந்தது. நான் ஜன்னலோரம் நின்ற கௌசியைக் கேட்டேன். "நீ சொல்லு அம்முணி."

அவள் அப்போதுதான் திரும்பினாள். "ரெண்டு வருசம் அப்பத்தா. படிச்சு முடிச்சுக்கறேன்."

"அதுவரைக்கும் என்னைய உசுரோட இருங்கற."

"ஆமா."

பெண்ணுக்கு எவ்வளவு தைரியம்! டாக்டரால் எழுதித் தர முடியாததை என்னிடம் கேட்கிறாள். "சேரி, இருக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை. கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். சரசு சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சாப்பாட்டில் மறுபடி உப்பைக் குறைத்தாள். அவள் திட்டிக்கொண்டே ஊற்றிய அந்தச் சப்பென்ற ரசத்தைக் குடித்தபோதுதான் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நம்பினேன்.

கொடுத்த வாக்கு என்னைப் படுத்திய பாட்டை இப்போதுதான் சொல்கிறேன். ஏப்பம் வந்தாலும் பயம். மாடியேறினால் பயம். கௌசி காலேஜுக்குப் போகும்போது, இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்று நெஞ்சைத் தடவிக் கெஞ்சுவேன். தோட்டத்து ஓரமாகத் தினமும் நடப்பேன். பனி இறங்கினால் எனக்கு முன்னால் பச்சையும் மஞ்சளுமாக யாரோ நடப்பது போல இருக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும். "வரேன் டீச்சரம்மா, இப்ப இல்ல" என்று சத்தமாகவே சொல்வேன். கொழுந்து கிள்ளுகிற பெண்கள் கிழவிக்குக் கிறுக்கு என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கௌசி படித்து முடித்தாள். இப்போது நடுவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே ஒரு டீச்சரிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனாவை வைத்துவிட்டு, என் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மப்ளரை எடுத்தாள்.

"அப்பத்தா, நாலு வரிதான பாக்கி. நானே பின்னி முடிச்சு ஊசிய எடுத்துர்றேன். குளிருக்குப் போட்டுக்கலாமில்ல?"

ஊசியைத் தொடாதே என்று கையைப் பிடித்தேன். உருவினால் அத்தனையும் அவிழ்ந்துவிடும் என்று அவளுக்கு நான் சொல்லவா வேண்டும்.

"இருக்கட்டும் கண்ணு" என்றேன். "நாளைக்கு முடிக்கறேன்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. நாளைக்கு வரட்டும்."